சேஞோவின் வகுப்பும் அப்லாஸின் ஊரும்: அந்திகுவாவில் ஒரு தவக்கால வாரம்

திங்கள்

குவாத்தமாலா நாட்டு அந்திகுவா நகரின் ஸ்பானிஷ் பள்ளிகளில் வகுப்பறை என்று தனியாக ஒன்றைப் பார்ப்பது அரிது. ஓடு வேய்ந்த தாழ்வாரம், நடுவே முற்றம், சுவர் நிறையக் காகிதப்பூ. தாழ்வாரத்தில் தள்ளித் தள்ளிச் சின்ன மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர், ஒரு ஆசிரியர். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை பேச்சுதான்.

என் ஆசிரியைக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குவாத்தமாலாவில் டீச்சரை ‘சேஞோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னை ‘எர்மானோ’ என்கிறார். துறவற சபையில் பிரதராக இருப்பவனுக்கு இது பழகிய அழைப்புதான். ஆனால் இந்த நாட்டில் பெந்தெகொஸ்தே சபைக்காரர்களும் ஒருவரையொருவர் இப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். அதனால் கடைத்தெருவில் யார் காதிலாவது விழுந்தால் உடனே கேள்வி வரும்: கத்தோலிக்கரா, எவாங்கெலிகோவா? இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக நிற்கும் நாடு. கேட்பவர்களிடம் பகை இல்லை, தெரிந்துகொள்ளும் ஆவல்தான்.

இன்றைய பாடம் சுப்ஹுந்திவோ. ஸ்பானிஷ் படிக்கிற எல்லோரும் இந்த இடத்தில் வந்து கொஞ்ச நாள் நிற்பார்கள். நடந்ததையும் நடப்பதையும் சொல்ல ஒரு வினை வடிவம். நடக்கவேண்டும் என்று விரும்புவதை, நடக்குமோ என்று அஞ்சுவதைச் சொல்ல இன்னொன்று. சேஞோ இன்று புத்தகத்தையே திறக்கவில்லை. “கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லுங்கள், எர்மானோ” என்றார். மனப்பாடமாகத் தெரிந்ததுதான், சொல்லத் தொடங்கினேன். ‘சாந்திஃபிகாதோ சேயா’ என்றதும் விரலை உயர்த்தினார். ‘வெங்கா’ என்றதும் மறுபடி. ‘ஆகாசே’ என்றதும் மறுபடி. மூன்றும் அதே வடிவம். இத்தனை நாளும் காலையும் மாலையும் நான் சுப்ஹுந்திவோ பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

தமிழில் இதே இடங்களில் என்ன சொல்கிறோம்? போற்றப்பெறுக, வருக, நிறைவேறுக. பள்ளிக்கூடத்தில் வியங்கோள் வினைமுற்று என்று படித்தோமே, அதுதான். சுப்ஹுந்திவோவின் எல்லை இதைவிடப் பெரிது என்பது சரி. சந்தேகம், அச்சம், ஆசை, நிபந்தனை என்று எங்கெங்கோ போகும். ஆனால் உள்ளே நுழைய எனக்கு இந்த வாசல் போதும். மிஷனரியாக மொழி கற்க வருகிறவர்களுக்கு என் யோசனை: முதல் வாரத்திலேயே அந்த மொழியின் செபங்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். இலக்கணம் பின்னால் வந்து அவற்றுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

செவ்வாய்

பிற்பகல்களில் வகுப்பு கிடையாது. ‘ஓப்ராஸ் சோசியாலேஸ்’ மருத்துவமனைக்குப் போகிறோம். ஊரின் கிழக்குப் பக்கம், சான் பெத்ரோ ஆலயத்தை ஒட்டிய பெரிய கட்டடம். எதிரே பனைமரங்கள் நிற்கும் பூங்கா, பூங்காவின் ஓரத்தில் பழைய பொதுத் துவைக்கும் தொட்டி. மருத்துவமனைக்குள் வீடில்லாத முதியவர்கள், உடல் இயக்கம் குன்றிய குழந்தைகள், பெரியவர்கள் என்று நிரந்தரமாகத் தங்கியிருப்பவர்கள் நிறையப் பேர். எங்களுக்கு வேலை சக்கர நாற்காலி தள்ளுவது, மதியச் சாப்பாடு ஊட்டுவது, பேசிக்கொண்டிருப்பது.

பார்வை போய்விட்ட ஒரு பாட்டி இருக்கிறார். அவருக்கு நான் வந்தால் செபமாலை. இன்று செவ்வாய் என்பதால் துயர மறைபொருள்கள். முதல் பாதியை அவர் சொல்வார், ‘சாந்தா மரியா, மாத்ரே தே தியோஸ்’ என்று தொடங்கும் இரண்டாம் பாதி என்னுடையது. என் ஜெபமாலையைத் தொடமாட்டார். தன்னுடைய மாலையையே என் கையில் கொடுத்து, தன் பெருவிரலை என் பெருவிரல்மேல் வைத்துக்கொள்வார். ஒரு மணி முடிந்ததும் லேசாக அழுத்துவார், நான் அடுத்த மணிக்கு நகரவேண்டும். அவருடைய நகம் தடித்து மஞ்சளாகியிருக்கிறது. தோட்ட வேலையில் காப்பிக் கொட்டை பறித்த கை என்று நர்ஸ் சொன்னார். அவர் மூச்சு விடும் இடத்தில் நான் மூச்சு விடுகிறேன், அவர் இழுக்கும் எழுத்தை இழுக்கிறேன். ஐம்பத்து மூன்று ‘மரியே வாழ்க’ முடிகையில் நாக்கு வேறு மாதிரி இருக்கிறது. எந்த மொழிக்கூடத்திலும் இப்படி ஒரு பயிற்சி கிடைக்காது.

மன்றாட்டுமாலையின் ‘ருவேகா போர் நொசோத்ரோஸ்’ தொடங்கியதும் பக்கத்துப் படுக்கைகளிலிருந்தும் குரல்கள் சேர்ந்துகொண்டன. பேச்சே வராத ஒருவர் அந்தத் தாளத்துக்கு மட்டும் தலையசைத்தார்.

புதன்

வகுப்பு, வீட்டுப்பாடம், துணி துவைப்பு. என்னோடு தங்கியிருக்கும் பிரதர் இந்தோனேசியாக்காரர். இருவருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பதுதான் பெரிய இடைஞ்சல். இரவுச் சாப்பாடு முடியும்வரை ஸ்பானிஷ் மட்டும் என்று உடன்படிக்கை செய்திருக்கிறோம். சாப்பிட்டு எழும்போது எல்லோரையும் பார்த்து ‘முச்சாஸ் கிராசியாஸ்’ சொல்லவேண்டும், மேசையில் இருப்பவர்கள் ‘புவென் புரோவேச்சோ’ என்பார்கள். குவாத்தமாலா வீடுகளில் இதைச் சொல்லாமல் ஒரு குழந்தைகூட எழுந்துபோகாது. எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம்.

வியாழன்

வகுப்பு முடிந்ததும் சான் பிரான்சிஸ்கோ ஆலயம். புனித எர்மானோ பெத்ரோவின் கல்லறை அங்கேதான்.

1626இல் தெனெரீஃபே தீவில் பிறந்தவர், சிறுவயதில் ஆடு மேய்த்தவர். 1651இல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அப்போது இதுதான் தலைநகரம். 1773இன் நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் தலைநகரை இன்றைய குவாத்தமாலா நகரத்துக்கு மாற்றினார்கள். குருவாக ஆசைப்பட்டு இயேசு சபையாரின் கல்லூரியில் சேர்ந்தார் பெத்ரோ. அந்நாளில் பாடமெல்லாம் லத்தீனில். எவ்வளவு முயன்றும் தேறமுடியவில்லை. படிப்பை விட்டுவிட்டு பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார், மருத்துவமனையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டும் எழுந்து நடக்கமுடியாமல் கிடந்த ஏழைகளுக்காக ஒரு வீட்டைத் திறந்தார், குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். இரவில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, இறந்த ஆன்மாக்களுக்காகச் செபிக்கச் சொல்லுவாராம். 1667இல், 41 வயதில் இறந்தார். 2002 ஜூலை 30 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குவாத்தமாலா நகரத்துக்கே வந்து இவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். நாங்கள் போகும் மருத்துவமனையும் இவர் பெயரைத் தாங்கியதுதான்.

கல்லறைப் பக்கத்துச் சுவரில் நன்றிப் பலகைகள், புகைப்படங்கள், இனி வேண்டாம் என்று விட்டுப்போன ஊன்றுகோல்கள். ஒரு தாய் தன் மகனைத் தூக்கிப்பிடிக்க, அவன் கல்லை மெல்லத் தட்டினான். தட்டிவிட்டுத்தான் கேட்கவேண்டும் என்பது இங்கே வழக்கம்.

கடல் கடந்து வந்து தமிழில் காவியமே பாடிய வீரமாமுனிவரின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மிஷனரி என்றால் மொழியை வென்றவர் என்ற படம்தான் எனக்குள் இருந்தது. இந்த நாட்டின் முதல் புனிதரோ பாடமொழியில் தேறாதவர். சனிக்கிழமை நாங்கள் போகும் ஊரில் பணிசெய்த அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) ஸ்டான்லி ராதரும் லத்தீன் வராமல் ஒரு குருமடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர். இந்த இரண்டு பேரையும் சேர்த்து நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சோர்வு வரும் நாட்களுக்கு எனக்கு இவர்கள் போதும்.

வெள்ளி

தவக்கால வெள்ளி. வீட்டில் இறைச்சி இல்லை. தோஞா, அதாவது நாங்கள் தங்கியிருக்கும் வீட்டு அம்மா, கருப்பு பீன்ஸும் முட்டையும் செய்திருந்தார்.

மாலையில் சிலுவைப்பாதை. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து எல் கல்வாரியோ ஆலயத்துக்குப் போகும் சாலைக்குப் பெயரே ‘காலடிகளின் தெரு’ மாதிரி ஒன்று. வழி நெடுகச் சின்னச் சின்னக் கற்கோயில்கள், ஒவ்வொன்றும் ஒரு நிலை. எர்மானோ பெத்ரோ இதே வழியில் சிலுவை சுமந்து நடந்திருக்கிறார். எல் கல்வாரியோ வாசலில் அவர் 1657இல் நட்ட எஸ்கிசூச்சில் மரம் இன்னும் நிற்கிறது. வெள்ளைப்பூ, நல்ல வாசனை. மக்கள் பூவைப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள், நோயாளிகளுக்காம்.

ஆறாம் நிலையை வாசிக்கும் பொறுப்பு எனக்கு. சேஞோவோடு காலையில் அரைமணி நேரம் அதையே பழகினோம். ஸ்பானிஷ் உச்சரிப்பில் தமிழர்களுக்குப் பெரிய அனுகூலம் உண்டு. இரண்டு விதமான ‘ர’ அவர்களுக்கும் உண்டு, நமக்கு ர-வும் ற-வும் தனித்தனி எழுத்து. ‘ஞ’ இரண்டு மொழிக்கும் பொது. ‘காதல்’ என்று சொல்லும்போது நடுவில் வரும் த எவ்வளவு மெதுவாக விழுகிறதோ, ‘நாதா’ என்று ஸ்பானிஷில் சொல்லும்போதும் அப்படியேதான். ப, த, க மூன்றையும் மூச்சை ஊதாமல் சொல்வது ஆங்கிலேயருக்குப் பாடம், நமக்குப் பிறப்பிலேயே வந்தது. சேஞோவுக்கு இதைக் கேட்டு மகிழ்ச்சி. தமிழில் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

சனி

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். சிமால்தெனாங்கோவில் பஸ் மாறி, லோஸ் என்குவென்த்ரோஸ், சோலோலா, அங்கிருந்து மலைச்சரிவில் இறங்கினால் பனஹச்செல். அதித்லான் ஏரி அங்கே தொடங்குகிறது. தெற்கே சான் பெத்ரோ, தோலிமான், அதித்லான் என்று மூன்று எரிமலைகள். ஏரியே ஒரு பழைய எரிமலை வாயில் தேங்கிய நீர்தான், 300 மீட்டருக்கும் மேல் ஆழம். மதியத்துக்குமேல் ‘ஷோகோமில்’ என்ற காற்று எழும்பி நீரைக் கலக்கிவிடும், அதனால் காலைப் படகையே பிடிக்கவேண்டும். அக்கரையில் சாந்தியாகோ அதித்லான்.

இந்த ஊருக்கு 1968இல் வந்தவர்தான் ஸ்டான்லி ராதர். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. முதலில் ஸ்பானிஷ் கற்றார், பிறகு இங்குள்ள மக்களின் ட்சுதுகில் மொழியைக் கற்று, அதிலேயே திருப்பலி நிறைவேற்றினார், மறையுரை சொன்னார். புதிய ஏற்பாட்டை அந்த மொழிக்குக் கொண்டுவரும் வேலைக்குத் துணைநின்றார். ஸ்டான்லி என்பது அவர்கள் வாயில் நுழையாததால், அவருடைய இன்னொரு பெயரான பிரான்சிஸை எடுத்துத் தங்கள் மொழியில் ‘அப்லாஸ்’ என்று கூப்பிட்டார்கள். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. மறைக்கல்வி சொல்லித்தரும் வேதியர்களைக் கடத்திக்கொண்டு போனார்கள், கொன்றார்கள். கொலைப்பட்டியலில் தன் பெயரும் இருக்கிறது என்று தெரிந்து 1981 ஜனவரியில் சொந்த நாட்டுக்குப் போனார். பாஸ்கா நாட்களுக்கு மக்களோடு இருக்கவேண்டும் என்று திரும்பி வந்துவிட்டார். ஜூலை 28 அன்று பங்கு இல்லத்துக்குள் புகுந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 46. உடல் ஓக்லஹோமாவுக்குப் போயிற்று. மக்கள் கேட்டுக்கொண்டதால் இதயம் இந்த ஆலயத்திலேயே வைக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 23 அன்று அருளாளர் ஆனார்.

அவர் கொல்லப்பட்ட அறை இப்போது செபக்கூடம். உள்ளே போய் முழந்தாளிட்டோம். வெளியே ஆலயத்தில் புனிதர்களின் மரச்சிலைகளுக்கெல்லாம் துணி உடுத்தியிருந்தார்கள், பெண்கள் நெய்து கொடுத்த துணி. ஒரு பக்கம் முழுக்கப் போரில் இறந்தவர்களின் நினைவு.

பங்கைச் சேர்ந்த ஒரு வேதியர் எங்களைத் தன் தெருவில் நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு அழைத்துப்போனார். அவரோடு நடக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது: இவர் பேசும் ஸ்பானிஷ் முழுக்கப் புரிகிறது. அந்திகுவாவில் தோஞாவின் பிள்ளைகள் ‘வோஸ்’ (‘நீ’ என்பதற்கு இங்குள்ள சொல்) போட்டு வேகமாகப் பேசும்போது பாதியைத் தவறவிடுகிறேனே, இங்கே மட்டும் எப்படி? அவரிடமே கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்வரை தனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது என்றார். அவரும் என்னைப் போல வினை வடிவங்களை ஒவ்வொன்றாகக் கற்றவர், இன்றும் யோசித்துத்தான் பேசுகிறார். குவாத்தமாலாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் இருக்கின்றன. ஸ்பானிஷ் தெரிந்தால் இந்த நாட்டு மக்கள் எல்லோரோடும் பேசிவிடலாம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு மலைப்பகுதி வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே ஸ்பானிஷ் என்பது இரண்டு பேருமே தங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்து சந்தித்துக்கொள்ளும் இடம்.

கடைசியாகப் போன வீட்டில் ஒரு வயதான அம்மா மட்டும் இருந்தார், கூடவே பன்னிரண்டு வயதுப் பேரன். அம்மா தலையில் சிவப்பு நாடாவைச் சுற்றிச் சுற்றி வட்டமாகக் கட்டியிருந்தார். வேதியர் சட்டைப்பையிலிருந்து 25 சென்டாவோ நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நாணயத்தில் இதே தலைக்கட்டோடு ஒரு பெண்ணின் முகம். அவரும் இந்த ஊர்க்காரர்தானாம். அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவர் ட்சுதுகிலில் சொல்ல, பேரன் ஸ்பானிஷில் சொல்ல, நான் கேட்டுக்கொண்டேன். முழங்கால் வலி, மழை தள்ளிப்போவது, மகன் தலைநகரத்தில் வேலை பார்ப்பது. பிறகு வேதியர் அப்லாஸின் பெயரைச் சொன்னார். அம்மா பேசுவதை நிறுத்திவிட்டுத் தன் காதைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். பேரன் சொன்னான்: “பாதர் எங்கள் மொழியில்தான் பேசுவாராம்.”

கிளம்பும்போது நன்றி சொல்ல அவர்கள் மொழிச் சொல்லைப் பேரனிடம் கேட்டேன். ‘மால்தியோஷ்’ என்றான். சொன்னேன். அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

எங்கள் சபை என்னை அனுப்ப யோசித்திருக்கும் பங்கு கெக்சி என்ற இன்னொரு மாயா மொழி பேசும் பகுதியில் இருக்கிறது. ஸ்பானிஷ் முடிந்தால் போதும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இப்போது அதில் உடன்பாடு இல்லை. ஸ்பானிஷோடு நின்றுவிடும் மிஷனரி அங்குள்ள பள்ளிக்கூடம் போனவர்களுக்கு மட்டும்தான் மிஷனரி. பாட்டிமார்கள் விடுபட்டுப்போவார்கள், பெரும்பாலான தாய்மார்களும். கெக்சி படிக்க நேரம் கேட்டு மேலதிபருக்கு எழுதப்போகிறேன்.

காற்று கிளம்புவதற்கு முன் படகு பிடித்துவிட்டோம்.

ஞாயிறு

தவக்கால ஐந்தாம் ஞாயிறு. சான் பர்த்தொலோ ஆலயத்தின் இயேசு நாசரேனோ பவனி இன்று. குவாத்தமாலாவின் புனித வாரக் கொண்டாட்டங்களை யுனெஸ்கோ 2022இல் உலகின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பட்டியலில் வந்ததற்காக யாரும் இங்கே கூடுதலாகச் செய்வதாகத் தெரியவில்லை. தாத்தா தூக்கினார், அப்பா தூக்கினார், நான் தூக்குகிறேன் என்பதுதான் பேச்சு.

எங்கள் தெரு வழியாகப் பவனி வருவதால் தோஞாவின் குடும்பம் காலையிலேயே வாசலில் இறங்கிவிட்டது. ‘அல்ஃபோம்ப்ரா’ என்பது மரத்தூளால் போடும் தரைவிரிப்பு. கருங்கல் பாவிய தெரு மேடுபள்ளமாக இருப்பதால் முதலில் சாயம் போடாத தூளைக் கொட்டிச் சமன் செய்யவேண்டும். பிறகு சல்லடையில் சலித்த சாயத் தூள், மரத்தில் வெட்டிய அச்சுகளை வைத்து அதன்மேல் ஒவ்வொரு நிறமாகத் தூவவேண்டும். நடுப்பகுதிக்குக் கை எட்டாது. இரண்டு பக்கமும் பெட்டி வைத்துக் குறுக்கே பலகை போட்டு, பலகைமேல் படுத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். எனக்குக் கொடுத்த வேலை தண்ணீர் தெளிப்பது. தூள் பறக்காத அளவுக்கு ஈரம் வேண்டும், நிறம் கலங்கிவிடவும் கூடாது. பலகைமேல் படுத்திருந்த தோஞாவின் தங்கை ‘இங்கே’, ‘போதும்’, ‘கொஞ்சம் மேலே’, ‘மெதுவாக’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் ஏவல் வினைகளுக்குள்ளேயே வாழ்ந்தேன். நடுவில் ஒரு பூ, ஓரத்தில் கோதுமைக் கதிர், சுற்றிலும் பைன் ஊசியிலை.

பவனி வரும்போது முதலில் வந்தது புகை. ஊதா அங்கி அணிந்த சிறுவர்கள் தூபக்கலசம் வீசிக்கொண்டு வந்தார்கள். பின்னால் பெரிய மரமேடை, சிலுவையின் பாரத்தில் விழுந்துகிடக்கும் இயேசு, இருபுறமும் தோள் கொடுக்கும் ஊதா வரிசை. தூக்குகிறவர்கள் முன்னதாகவே பதிவு செய்து, தங்களுக்கென்று ஒரு தெருத்துண்டைப் பெற்றிருக்கிறார்கள். முனையில் அடுத்த வரிசை தயாராக நிற்கும். மேடை நேராக நகராது. இடமும் வலமும் மெதுவாக ஆடி ஆடி வரும், இசைக்குழுவின் சோக நடைக்கு ஏற்றபடி. எங்கள் விரிப்பின்மேல் அப்படியே நடந்து போனார்கள். அதற்குத்தான் போட்டது. பின்னாலேயே பெண்கள் சுமந்துவரும் வியாகுல மாதா. அதற்கும் பின்னால் துப்புரவுப் பணியாளர்கள் மண்வெட்டியோடு.

தோஞாவின் மகன் தன் முறையை முடித்துவிட்டு வந்து சட்டையை விலக்கித் தோளைக் காட்டினான். சிவந்து தடித்திருந்தது. யாருக்காகத் தூக்கினாய் என்று கேட்டேன். போன வருடம் இறந்துபோன அப்பாவுக்காக என்றான். மெதுவாகத்தான் பேசினான், ‘வோஸ்’ போட்டே பேசினான், எல்லாம் புரிந்தது.

நாளை காலை எட்டு மணிக்கு வகுப்பு. இரண்டு விதமான இறந்தகாலத்தையும் சேர்த்து சனிக்கிழமைப் பயணத்தைக் கதையாகச் சொல்லவேண்டும் என்று சேஞோ வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். படகு வரை எழுதியாயிற்று. பாட்டி வீட்டை இன்றிரவு எழுதவேண்டும், மேலதிபருக்கான கடிதத்தையும்.